எலும்புப்புரை மாத்திரை எந்தச் செல்லின் மேல் வேலை செய்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழின் மருத்துவப் பகுதியில் வெளிவந்த எலும்புப்புரை நோய் (எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய்) பற்றிய கட்டுரையில், அலென்ட்ரோனேட் போன்ற பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் புதிய எலும்பை வளர்ப்பதாக எழுதப்பட்டிருந்தது. தண்டையார்பேட்டையில் நெடுங்காலம் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்த ஒரு வரி திருத்தப்பட வேண்டும் எனக் கருதுகிறேன்.

பழைய எலும்பை அரித்தெடுக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களும், அந்தக் குழியில் புதிய எலும்பை நிரப்பும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்களும் வாழ்நாள் முழுவதும் அடுத்தடுத்து இயங்குகின்றன. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால், அரிப்பு நிரப்புதலை மிஞ்சிவிடுகிறது. பிஸ்பாஸ்போனேட் எலும்பின் கால்சியத் தாதுவில் ஒட்டிக்கொள்கிறது. அரிக்கும் செல் அமிலம் சுரந்து அவ்விடத்தைக் கரைக்கையில், மருந்தும் அதனுள் சென்றுவிடுகிறது. இவ்வகை மருந்துகளான அலென்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் ஆகியவை, அந்தச் செல் இயங்கத் தேவையான ஃபார்னெசில் பைரோபாஸ்பேட் சிந்தேஸ் என்னும் நொதியை முடக்குவதால், அச்செல் அரிக்கும் திறனை இழக்கிறது. பல சமயம் மடிந்தும் போகிறது.

நிரப்பும் செல்களுக்கு இம்மருந்து உந்துதல் தருவதில்லை. அரிப்பு குறைந்த சில மாதங்களில் நிரப்புதலும் குறைந்துவிடுகிறது, ஏனெனில் இரண்டும் பிணைந்தவை. ஸ்கேனில் அடர்த்தி கூடித் தெரிவது, ஏற்கெனவே அரிக்கப்பட்ட குழிகள் நிரம்புவதாலும், இருக்கும் எலும்பில் தாது மேலும் படிவதாலும்தான். முதுகெலும்பு, இடுப்பு முறிவுகளை இது கணிசமாகத் தடுக்கிறது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால், மாத்திரையே எலும்பை வளர்த்துவிடும் என்று நம்பி, கால்சியத்தையும் வைட்டமின் டி-யையும் கைவிட்ட தாய்மார்களை எங்கள் பகுதியில் கண்டிருக்கிறேன். காலைத் தேநீரோடு மாத்திரையை விழுங்கிவிட்டு மீண்டும் படுத்துக்கொள்வோரும் உண்டு. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு விழுங்கினாலே 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் குடலில் உறிஞ்சப்படுகிறது. தேநீரோடு அதுவும் குறையும். விழுங்கியபின் 30 நிமிடம் நிமிர்ந்திருக்காவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகலாம்.

பல்லாண்டுகள் தொடர்ந்து உண்பவர்களுக்கு, அரிதாகத் தொடை எலும்பில் வழக்கத்துக்கு மாறான முறிவும், பல் பிடுங்கியபின் தாடை எலும்பு ஆறாமையும் நேர்கின்றன. ஆகவே சுமார் 5 ஆண்டுகளுக்குப் பின் மருந்தைத் தொடர்வதா நிறுத்திவைப்பதா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். பல் மருத்துவரிடமும் இம்மருந்தைப் பற்றி முன்கூட்டியே சொல்ல வேண்டும். திருத்தத்தோடு இந்த விவரங்களையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
தண்டையார்பேட்டை, சென்னை.