பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள்

ஆசிரியருக்கு,

1971 இந்திய-பாகிஸ்தான் போரில் பங்கேற்றவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். அன்று உடனிருந்தவர்களைத் தேடிப்பிடித்து ஒரு சந்திப்பில் கூட இனியும் தாமதிக்கக் கூடாது. வெறும் பெயர் உதவாது. ஒரே பட்டாலியனில் நான்கு முருகேசன்கள் இருந்திருப்பார்கள். ஊரில் இனிஷியலாக இருப்பது ராணுவப் பதிவில் தந்தை பெயராக நீண்டிருக்கும். படை எண் இருந்தால் நல்லது. இல்லையேல் பட்டாலியன், அதன் உட்பிரிவான கம்பெனி, சேர்ந்த ஆண்டு, சொந்த மாவட்டம் வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர் என்றால் நீலகிரியில் உள்ள வெலிங்டன் ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். முகவரி கேட்பதைவிட, உங்கள் கடிதத்தை அவருக்கு அனுப்பிவைக்கக் கோருவதே முறை. அவரது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் அணுகுங்கள். அவர் காலமாகியிருந்தால், குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவியையும் சந்திப்புக்கு அழையுங்கள். வெலிங்டனில் கூடுவதானால் டிசம்பர், ஜனவரி வேண்டாம். அந்தக் குளிர் இதய நோயாளிகளுக்கு ஆகாது.

– ஒரு முன்னாள் படைவீரர், வேலூர்