வாசகர் வட்டம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வந்திருக்கும் மருத்துவ மாணவர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மருத்துவ மாணவர்களோடு சேர்ந்து நடத்திய வாசிப்பைப் பற்றித்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் 'ஏட்காம்' என்றொரு பகுதி இருக்கிறது. நோயாளியிடம் பேசும் விதம், நடந்துகொள்ளும் முறை, மருத்துவ அறம் எல்லாம் அதில் வருகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் பரீட்சை நெருக்கடியில் அதையும் மனப்பாடம் செய்துவிடுகிறோம் என்று மாணவர்களே சொன்னார்கள். நம் வட்டத்துக்கு வேலை இருப்பது அங்கேதான்.

முதலில் திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை எடுத்தோம். 'உற்றான் அளவும் பிணியளவும் காலமும் கற்றான் கருதிச் செயல்' என்ற 949ஆம் குறளைத் தாண்டவே முடியவில்லை. நோய்க்கு முன்னால் நோயாளியை வள்ளுவர் வைத்திருப்பதை ஒரு மாணவி சுட்டிக்காட்டினார். சரி, உற்றான் அளவை, அதாவது நோயாளியின் நிலையை, எப்படி அறிவது? ஓய்வுபெற்ற மருத்துவரான நம் மூத்த உறுப்பினர், "இன்சுலின் எழுதும்போது வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கா என்று கேட்பீர்களா?" என்றார். மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெயிலில் கிடந்த இன்சுலின் வீரியம் இழக்கும், சர்க்கரை இறங்காது, திட்டு மட்டும் நோயாளிக்கு விழும். பெரிய பானைக்குள் ஈரமணல் பரப்பி, நடுவில் சிறு பானையை வைத்து மருந்தைக் காக்கும் முறையை அவர் சொல்லச் சொல்ல எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

அப்புறம் ரஷ்ய எழுத்தாளர் செகாவின் 'ஆறாவது வார்டு'. 1892இல் வெளிவந்த கதை, செகாவும் மருத்துவர். தன் ஆஸ்பத்திரியில் நடக்கும் அடியையும் அழுக்கையும் கண்டும் காணாமல் இருந்த டாக்டர், கடைசியில் அதே வார்டில் அடைக்கப்படுகிறார். அன்று விவாதம் சூடாகவே நடந்தது. ஓ.பி.யில் இவ்வளவு கூட்டத்தை வைத்துக்கொண்டு நோயாளியின் கதையைக் கேட்க நேரம் ஏது என்றார் ஒரு ஹவுஸ் சர்ஜன். நியாயமான கேள்வி. கவிதை படித்தால் கூட்டம் குறையாது. ஆனால் கிடைப்பது இரண்டு நிமிடம் என்றால், அதில் எதைக் கேட்பது என்று தெரிய வேண்டும். ஒரு வரியில் நின்று யோசித்துப் பழகியவருக்கு அது கைவரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலாண்டு மாணவர்களின் அறிமுக வகுப்புகளில் கவிதைக்கு ஒரு மணி நேரம் கேட்டுக் கல்லூரி முதல்வருக்கு மனு கொடுக்கச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. கல்லூரி விடுதியில் வைக்கப் புத்தகங்களும் தேவை. வீட்டில் இருப்பதைக் கொடுத்து உதவுங்கள்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்