ஷட்டரை 50-ல் வை, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ பார்த்துவிட்டாய் என்று நீலக்குறி விழுகிறது, பதில்தான் வருவதில்லை. வேலை இருக்கும், எனக்குத் தெரியும். அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன், நேரம் கிடைக்கும்போது படி. இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் தேவலை, தேக்கா சந்தைக்கு நடந்தே போய்வருகிறாள். பெரிய மாமா விஷயம் அப்படியேதான் இருக்கிறது, அதை நேரில் பேசிக்கொள்வோம்.

டொரொண்டோவில் குளிர் ஆரம்பித்திருக்குமே. கேமராவைப் பத்திரமாக வைத்திருக்கிறாயா? வெளியில் படம்பிடித்துவிட்டு ஹீட்டர் போட்ட வீட்டுக்குள் நுழைந்ததும் பையைத் திறக்காதே. உள்ளே இருக்கிற ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டவுடன் பனி பூத்துவிடும். வெளியிலேயே ஒரு ஜிப் பையில் போட்டு இறுக்கி மூடி, உள்ளே கொண்டுவந்து ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிடு. நமக்கு இங்கே நேர்மாறு. ஏர்கான் வண்டியிலிருந்து இறங்கி டேங்க் ரோடு கோயில் வாசலில் நின்று கேமராவைத் தூக்கினால் லென்ஸ் வெள்ளையாகிவிடும், காவடி நம்மைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். அந்தத் தைப்பூச டேப் உனக்கு ஞாபகம் இருக்கும்.

இன்னொன்று, பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து மாதக்கணக்கில் போட்டுவைக்காதே. பாதி அளவில் வை. கொஞ்ச நாள் எடுக்காமல் இருந்தாலும் மாதம் ஒருமுறை கேமராவை ஆன் செய்து பார். உன் கேமராவைப் பற்றித் தம்பி ஏதோ சொன்னான், நான் சரியாகக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜூனில் நம் சமையலறையில் அப்பத்தாவை வைத்து நீ எடுத்த படம் வந்த இரவே நான் 11 குறிப்புகள் எழுதி அனுப்பினேன். முதல் குறிப்பு ஃபிளிக்கர், விளக்கின் துடிப்பு படத்தில் தெரிவது. காரணம் சொல்லாமல் குற்றமாக மட்டும் எழுதிவிட்டேன். காரணம் இதுதான். அங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. நம் சமையலறைக் குழல்விளக்கு விநாடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது, கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். நீ அங்கே வாங்கிய கேமரா அங்கத்திய டிவி முறையான என்டிஎஸ்சியில் இருந்தது, விநாடிக்கு 29.97 ஃபிரேம், ஷட்டர் திறந்திருப்பது விநாடியில் 60-ல் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் நம் விளக்கு ஒன்றேமுக்கால் துடிப்புக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் துடிக்கும். ஒரு ஃபிரேமுக்கு ஒளி கூடுதலாக விழும், அடுத்ததற்குக் குறையும், சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால் அது பட்டைபட்டையாகத் தெரியும். அப்பத்தாவின் வெள்ளைச் சேலையில் சாம்பல் நிறப் பட்டை ஏறிக்கொண்டே போகிறது பார், அதுதான். ஷட்டரை 50-க்கு மாற்றினால் சரியாக இரண்டு துடிப்பு, எல்லா ஃபிரேமுக்கும் ஒரே ஒளி. ஃபிரேம் ரேட்டைத் தொடவே வேண்டாம், 24 வைத்தாலும் 30 வைத்தாலும் ஷட்டர் 50 இருந்தால் போதும். டயலில் ஒரு சொடுக்கு.

இங்கே எடுப்பதாக இருந்தால் 25 ஃபிரேம் வைப்பதுதான் நல்லது. 25-ல் எடுத்ததை 4 சதவீதம் மெதுவாக்கினால் தியேட்டருக்கான 24 கிடைத்துவிடும், ஒரு ஃபிரேம்கூட வீணாகாது. 29.97-ஐ 24 ஆக்க ஐந்தில் ஒன்றைத் தூக்கியெறிய வேண்டும். நடந்து வருகிற ஆள் தட்டித் தட்டி நடப்பார். உன் படத்தில் தம்பி கீழ்த்தளத்தைக் கடந்து வரும் இடம் அப்படித்தான் ஆகியிருக்கிறது.

அந்த 4 சதவீதம் உனக்குப் புதிதில்லை. பத்து வயதில் நீ என்னிடம் கேட்டாய், "டிவியில வர்ற பாட்டு ஏம்ப்பா கேசட்ட விட கீச்சுன்னு இருக்கு?" என்று. சினிமா 24, நம் டிவி 25. விநாடிக்கு ஒரு ஃபிரேம் கூடுதலாக ஓட்டினார்கள். இரண்டரை மணி நேரப் படம் விளம்பரம் போக 144 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் அரைச் சுரத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு ஏறிவிடும். பல வருடம் வீடியோ எடுத்தவர்களுக்கே கேட்காதது உனக்குக் கேட்டது. அதை நான் கடைக்கு வந்த ஒவ்வொரு ஆளிடமும் சொன்னேன், கல்யாண ஆர்டர் கொடுக்க வந்தவர்களிடம்கூடச் சொன்னேன். உன்னிடம் மட்டும், போய்ப் படி என்றேன்.

பாலிடெக்னிக் படிப்பை நீ பாதியில் விட்டபோது நான் பேசாமல் இருந்த மாதங்களை நீ கணக்கு வைத்திருக்கலாம். இப்போது உன் கணக்கு மூன்று மாதம் ஆகிறது. அம்மா தினமும் கேட்கிறாள், நான் என்ன சொல்வது?

வெயிலில் எடுத்த ஷாட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷட்டரை 2000-க்கு ஏற்றிவிட்டாய், அதனால் கை அசைவு வெட்டிவெட்டித் தெரிகிறது. ஃபிரேமுக்கு இரண்டு மடங்கு ஷட்டர், 25 என்றால் 50, அப்போதுதான் அசைவில் கண்ணுக்குப் பழக்கமான மங்கல் இருக்கும். நம் ஊர்ப் பகல் வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 100 என்றாலே லென்ஸ் துளை எஃப் 16 வரும். ஷட்டர் 50-ல் எஃப் 2.8 வரை துளையை அகலத் திறக்க வேண்டுமென்றால் 6 ஸ்டாப் வெட்ட வேண்டும், அதாவது ஒளியை ஆறு தடவை பாதியாக்க வேண்டும், அதற்கு லென்ஸ்மேல் மாட்டுகிற கறுப்புக் கண்ணாடி, என்டி ஃபில்டர், இல்லாமல் முடியாது. பெனின்சுலா கேமராக் கடையில் நல்லதாகப் பார்த்து வைத்திருக்கிறேன், உன் லென்ஸ் வாய் எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும் சொல். மாலை வானத்தில் படிபடியாக வரி தெரிவதற்குக் காரணம், பின்னால் நிறம் ஏற்றுவதற்காக வெளிறலாக எடுக்கிற லாக்கில் எடுத்தாய், ஆனால் 8 பிட்டில் எடுத்தாய். ஒரு நிறத்துக்கு 256 படி, அதை இழுத்தால் படி தெரியத்தான் செய்யும். 10 பிட்டில் 1024. எம்பி4, எம்ஓவி என்பதெல்லாம் வெறும் டப்பா, உள்ளே படத்தைச் சுருக்கியிருப்பது என்ன கோடெக், எத்தனை பிட் என்றுதான் பார்க்க வேண்டும். 10 பிட் கிடையாதென்றால் லாக் வேண்டாம், எடுக்கும்போதே நிறத்தைச் சரிசெய்துகொள்.

இனி என் ஏழாவது குறிப்பு. கீரை ஆயும் ஷாட்டில் ஃபோகஸ் போய்விட்டது என்று எழுதியிருந்தேன். நான் எழுதியதுதான் தப்பு. நேற்று ராத்திரி பெரிய திரையில் நான்கு தடவை பார்த்தேன். 50 எம்எம் லென்ஸ், எஃப் 1.8, இரண்டடியில் வைத்திருக்கிறாய், அங்கே ஒரு விரல் தடிமனுக்கு மேல் தெளிவு இருக்காது. அந்த ஒரு விரல் தடிமனை நீ அப்பத்தாவின் நகத்திலிருந்து எடுத்து, இலை உதிர்ந்த முருங்கைக் காம்புமேல் வைத்து, காம்பிலிருந்து மடிக்குக் கொண்டுபோய், அங்கேயே நிறுத்தியிருக்கிறாய். கை பாட்டுக்கு மங்கலாக ஆய்ந்துகொண்டே இருக்கிறது. கையால் திருப்பித்தான் அதைச் செய்திருக்க முடியும். இத்தனை கல்யாணம் எடுத்தும் நான் எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டுவதையே வேலையாக வைத்திருந்தவன், ஃபோகஸ் தவறினால் வீட்டார் காசு தரமாட்டார்கள். அதே கண்ணோடு உன் படத்தைப் பார்த்துவிட்டேன். அப்பத்தா முகத்தை வைடு லென்ஸ் கெடுத்துவிட்டது என்று எழுதியதும் சரியில்லை. முகத்தின் வடிவம் மாறுவது தூரத்தால், லென்ஸால் இல்லை. நீ கிட்டப் போனாய், அப்பத்தா உன்னை அவ்வளவு கிட்ட விட்டார்.

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், வேறு எதையெல்லாமோ எழுதிவிட்டேன்.

அந்தப் பட்டைகளை நான் படத்தில்தான் முதலில் பார்த்தேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை. ஜூனில் நீ எடுத்த அன்றைக்கே பார்த்தேன். காலையில் உன் கூட்டாளிகள் முன்னால், "அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நிழல் விழுது" என்றாய். நிழல் விழத்தான் செய்தது. நான் கோப்பி மக்கை எடுத்துக்கொண்டு குளிர்பெட்டிப் பக்கம் போய் நின்றேன். அங்கிருந்து உன் மானிட்டர் நேராகத் தெரிந்தது. முதல் டேக்கிலேயே பட்டை ஏறியது. ஷட்டரை மாற்று என்று சொல்ல எனக்கு ஒரு விநாடி போதும். அவளாக வந்து கேட்கட்டும் என்று நின்றேன். நான்கு மணி நேரம் நின்றேன், பாப்பா. அப்பத்தா முதுகு வலிக்க வலிக்க ஒரே கீரைக்கட்டைத் திரும்பத் திரும்ப ஆய்ந்தார், நீ ஒவ்வொரு டேக்குக்கும் அவர் முன்னால் மண்டியிட்டாய், நான் கோப்பி ஆறிய பிறகும் மக்கைக் கீழே வைக்கவில்லை. அப்புறம் இரண்டு மாதம் கழித்து அதையே முதல் குறிப்பாக எழுதி அனுப்பினேன்.

இதை அம்மாவிடம் நேற்றுதான் சொன்னேன். அவள் எதுவும் சொல்லவில்லை, எழுந்து உள்ளே போய்விட்டாள்.

தம்பி எல்இடி விளக்கு வாங்கி வந்தான், சமையலறையில் மாட்ட நான் விடவில்லை. குழல்விளக்கு அப்படியே இருக்கட்டும், படத்தில் அந்த நீலம் வேண்டும். கேமராவை எடுத்துவர முடியாவிட்டாலும், எந்தக் காரணத்தால் முடியாவிட்டாலும், நான் கேட்கமாட்டேன், இங்கே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். என் பழைய 50 எம்எம் லென்ஸ் ட்ரை கேபினெட்டில் 45 சதவீத ஈரத்தில் இருக்கிறது, டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு பொட்டுப் பூஞ்சைகூட இல்லை. அடாப்டர் மட்டும் வாங்க வேண்டும்.

டிசம்பரில் வருகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அப்பத்தா அந்த வெள்ளைச் சேலையைத் தம்பியை விட்டு இஸ்திரி போட வைத்துத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். கீரை எத்தனை கட்டு வாங்க வேண்டும் என்றும் கேட்டார், நீயே போனில் சொல்லிவிடு. நான் குளிர்பெட்டிப் பக்கமே நிற்கிறேன்.

அப்பா