சேர்ந்திசைக் குழுச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், தீர்மானங்கள் நோட்டில் இருக்கின்றன, வேண்டியவர்கள் புரட்டிக்கொள்ளலாம். இந்த ஆண்டு நடந்த பெரிய விஷயம் ஒன்றுதான்: முன்னால் நின்று கையசைத்துக் குழுவை நடத்திவந்த அண்ணன் வேலை மாறிப் போய்விட்டார், வேறு ஆள் கிடைக்கும்வரை பார்த்துக்கொள் என்று என்னை முன்னால் நிறுத்திவிட்டீர்கள், அந்த வேறு ஆள் இன்னும் வந்தபாடில்லை.

கண்டக்டர் ஆகிவிட்டேன் என்றதும் வீட்டில் சில்லறை இருக்கிறதா என்று கேட்டார்கள். சரி, விடுங்கள்.

முதல் மாதம் கண்ணாடி முன் கை வீசியதிலேயே போனது. நான்கு எண்ணிக்கைக்குக் கீழே, இடது, வலது, மேலே. மூன்றுக்குக் கீழே, வலது, மேலே. இது ஒரே மாலையில் வந்துவிடும். வராதது இடது கைதான். வலது கை செய்வதையே அதுவும் செய்துகொண்டிருக்கும். அதற்கு வேறு வேலை இருக்கிறது, சத்தத்தை ஏற்ற, இறக்க, ஒரு குரல் பாகம் நுழைய வேண்டிய இடத்தில் சைகை காட்ட. அதை அடக்குவதற்காகவே கொஞ்ச நாள் இடது கையில் பாட்டுத்தாளைப் பிடித்துக்கொண்டு பழகினேன்.

முதல் பயிற்சி உங்களுக்கு நினைவிருக்கும். கையை இறக்கினேன், பாதிப் பேர் தொடங்கினீர்கள், மீதிப் பேர் பின்னாலேயே ஓடிவந்தீர்கள். மூன்று தடவை கவனம், கவனம் என்று கத்தினேன். அப்புறம் ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) வரிசையிலிருந்து ஓர் அக்கா எழுந்து, "தம்பி, நீ மூச்சே எடுக்காம கைய இறக்குற, நாங்க எப்ப எடுக்கிறது?" என்றார். ஆண்டு முழுக்க நான் கற்றதில் பாதி அந்தக் கேள்வியில் இருந்தது. முதல் அடிக்கு முந்தைய அசைவில்தான் வேகமும் சத்தமும் மூச்சும் இருக்கின்றன. அதை உங்களோடு சேர்ந்து மூச்சிழுத்துக் காட்டத் தொடங்கியதும் கத்த வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

பாட்டை ஒவ்வொரு தடவையும் தலையிலிருந்து பாடும் பழக்கத்தை நிறுத்தினேன், சிலருக்கு இதில் வருத்தம், தெரியும். ஆனால் அப்படிப் பாடியே நம் முதல் பக்கம் பளபளப்பாகவும் கடைசிப் பக்கம் அநாதையாகவும் இருந்தது. இப்போது சறுக்கும் இரண்டு தாளக்கட்டை (ஒரு சுற்று எண்ணிக்கை ஒரு கட்டு) மட்டும் எடுத்து, டெனர் (ஆண்களின் மேல்குரல்) தனியாக, டெனரும் பாஸும் (ஆண்களின் கீழ்க்குரல்) சேர்ந்து, பிறகு எல்லாரும், மெதுவாக. அதோடு விடக்கூடாது, இரண்டு கட்டு முன்னாலிருந்து ஓடிவந்து அந்த இடத்தைக் கடந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் தப்பு பெரும்பாலும் சுரத்தில் இல்லை, அதற்குள் நுழையும் வாசலில் இருக்கிறது.

பக்கவாத்தியம் இல்லாமல் பாடும்போது சுருதி இறங்குவது பழைய வியாதி. தட்டினால் எப்போதும் ஒரே சுருதியில் ஒலிக்கும் 440 ஹெர்ட்ஸ் சுருதிக்கவையைப் பாட்டு முடிந்ததும் தட்டிப் பார்த்தால் அரைச் சுரம் கீழே நிற்கிறோம். பாஸ்காரர்களைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன், மன்னிக்கவும். ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடும் இடத்தில் நான்கு பாகமுமே தொய்கிறது, இறங்குவரிசையில் ஒவ்வொரு படியையும் தேவைக்கு மேல் பெரிதாக வைக்கிறோம். என் தோள் குனிந்தால் உங்கள் தோளும் குனிகிறது என்பதையும் பார்த்தேன், அது என் தவறு.

அடுத்தது நம் மொழிக்கே உரிய தொல்லை. 'ஐ'யை நீட்டும்போது சிலர் உடனே இகரத்துக்குத் தாவிவிடுகிறார்கள், ஓசை ஒடுங்கிப்போகிறது. அகரத்தில் நின்று, விடும் நேரத்தில் இகரத்தைத் தொட்டால் போதும். 'ம்' என்று முடியும் சொற்களில் பாதிப் பேர் முன்கூட்டியே உதட்டை மூடுவதால் கடைசி எண்ணிக்கையில் பாட்டே காணாமல் போகிறது. எங்கே மூட வேண்டும் என்பதைத் தாளில் குறித்துக்கொள்ளச் சொன்னேன், பென்சில் கொண்டுவந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

நான் காலால் தரையைத் தட்டுவதாக ஒரு புகார் வந்திருந்தது. நியாயமானது. 1687இல் பாரிசில் லுல்லி என்ற இசையமைப்பாளர் நீண்ட தடியால் தரையில் தட்டித் தாளம் போடும்போது தன் காலிலேயே இடித்துக்கொண்டு, புண் அழுகி இறந்தார். நிறுத்திவிட்டேன்.

வரும் ஆண்டுக்குக் கோரிக்கை இரண்டு. ஒவ்வொரு பாகத்திலிருந்தும் ஒருவர் மாதம் ஒரு பாட்டையாவது முன்னால் நின்று நடத்திப் பழக வேண்டும், எனக்குத் தொண்டை கட்டினால் பயிற்சி நிற்கக்கூடாது. இரண்டாவது, பென்சில்.

இப்படிக்கு,
செயலாளர்