பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பூத்த ஊமத்தை: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், இதை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்கப்போகும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை இறைவணக்கம் முடிந்த சற்று நேரத்தில், ஆறாம் வகுப்பு ஆசிரியை ஒரு மாணவியைக் கையோடு பிடித்து என் அறைக்கு அழைத்து வந்தார். "சார், இவள் கண்ணைப் பாருங்கள்" என்றார். இடது கண் எப்போதும்போல இருந்தது. வலது கண்ணின் நடுவில் இருக்கும் கருப்பு வட்டம் மட்டும் மிளகளவுக்கு விரிந்து கிடந்தது. ஜன்னல் பக்கம் திருப்பினால் இடது கண் வெளிச்சத்துக்குச் சுருங்கியது, வலது கண் அசையவே இல்லை. வலி இல்லையாம். கரும்பலகையில் எழுத்து மட்டும் கலங்கலாகத் தெரிகிறதாம்.

எனக்குக் கைகால் ஓடவில்லை. தலையில் அடிபட்டால் இப்படி ஆகும் என்று எங்கோ படித்த ஞாபகம். உடனே அவள் அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். அங்கிருந்த மருத்துவர் அவளிடம் நாலைந்து கேள்வி கேட்டார். கீழே விழுந்தாயா, யாராவது அடித்தார்களா, கண்ணில் ஏதாவது மருந்து விட்டார்களா. எல்லாவற்றுக்கும் இல்லை. கடைசியாக, "ஏதாவது செடியைப் பறித்தாயா?" என்றார். பிள்ளை மெதுவாக ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தாள். காம்பஸுக்குப் பக்கத்தில் இரண்டு ஊமத்தங்காய்.

நம் சத்துணவுக்கூடத்துக்குப் பின்னால், பழைய கழிப்பறைச் சுவரை ஒட்டி, மழைக்குப் பிறகு ஊமத்தை புதராக முளைத்திருக்கிறது. முள் வைத்த பச்சைப் பந்து மாதிரி அழகாக இருக்கிறதே என்று பறித்திருக்கிறாள். பறித்த கையாலேயே கண்ணைக் கசக்கியிருக்கிறாள். அந்தச் சாறு பட்டதற்கே இத்தனை. நாலாம் நாள் கண் சரியாகிவிட்டது, இப்போது நன்றாக இருக்கிறாள். அவள் பெற்றோர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். யார் அந்தப் பிள்ளை என்று தயவுசெய்து விசாரிக்க வேண்டாம்.

பள்ளி வளாகத்தில் இப்படி ஒரு புதர் வளரும்வரை பார்க்காமல் இருந்தது என் தவறு. அதை ஒத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

ஊமத்தையை உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். குப்பைமேடு, ரோட்டோரம், இடிந்த வீட்டு மனை, இங்கெல்லாம் தானாக வரும். வெள்ளையாகவோ ஊதாவாகவோ நாதஸ்வர அனசு மாதிரி விரிந்த பூ. சாயங்காலம்தான் மலரும். இலையைக் கசக்கினால் குமட்டும் வாடை. காய் உருண்டையாக, மேலெல்லாம் முள்ளாக இருக்கும். ஆடுகூட வாய் வைக்காது. ஆடு தொடாத ஒரு செடிக்கு ஆடாதொடை என்றே பேர் வைத்த நம் முன்னோர், இதற்கு அப்படி வைக்காமல் உன்மத்தம் என்று, அதாவது பைத்தியம் என்று பொருள்படும்படி வைத்திருக்கிறார்கள். உன்மத்தம்தான் மருவி மத்தம், ஊமத்தை என்று ஆனது. பேரிலேயே எச்சரிக்கைப் பலகை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தேவாரத்தில் சிவனுடைய சடையில் பிறையோடும் கொன்றையோடும் இந்த மத்தமலரும் அடிக்கடி வரும். சுந்தரர் முதலில் கூப்பிட்டதே 'பித்தா' என்றுதான், பித்தனுக்குப் பித்துப் பூ. இன்றும் விநாயகர் சதுர்த்திக்குப் போடும் இருபத்தொரு இலைகளில் ஊமத்தை இலையும் ஒன்று. அதனால் "சாமிக்கு வைக்கிற செடிதானே, என்ன செய்துவிடும்?" என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். சாமிக்கு வைப்பதை எல்லாம் நாம் சாப்பிடுவதில்லை பாட்டி. எருக்கம்பூ மாலையும்தான் போடுகிறோம், எருக்கம்பாலை யார் குடிக்கிறார்கள்?

இதன் விஷ வரலாறு பெரியது. நம் நாட்டில் வழிப்போக்கர்களுக்குச் சாப்பாட்டில் இதைக் கலந்து கொடுத்து, புத்தி தடுமாறியதும் கொள்ளையடிப்பது திருடர்களின் பழைய வித்தை. கோவாவில் இருந்த போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில் வந்த பிறகும் இது நிற்கவில்லை. குற்றவியல் மருத்துவத்தில் இதற்குச் 'சாலை விஷம்' என்றே ஒரு பேர் உண்டு. ஊமத்தை விதைக்கும் மிளகாய் விதைக்கும் வித்தியாசம் என்ன என்பது இந்திய மருத்துவ மாணவர்களுக்கு வழக்கமான பரீட்சைக் கேள்வி. இரண்டும் ஒரே குடும்பம்தான். கத்தரி, தக்காளி, மிளகாய், ஊமத்தை எல்லாம் பங்காளிகள்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1676இல் நடந்த கதை எனக்குப் பிடித்த ஒன்று, வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஜேம்ஸ்டவுன் என்ற ஊரில் கலகத்தை அடக்க வந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள், அங்கே முளைத்திருந்த ஊமத்தை இலையைக் கீரை என்று வேகவைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். ஒருவன் ஓர் இறகை ஊதி ஊதிக் காற்றில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தானாம். இன்னொருவன் அந்த இறகின் மேல் வெறி பிடித்தவன்போல வைக்கோலை எறிந்தானாம். மற்றொருவன் துணியில்லாமல் மூலையில் உட்கார்ந்து குரங்குபோல இளித்தானாம். தங்களையே அழித்துக்கொள்வார்களோ என்று பயந்து அடைத்து வைத்தார்கள். பதினோரு நாள் கழித்துத் தெளிந்தபோது யாருக்கும் எதுவும் நினைவில்லை. அந்த ஊரின் பேரே அங்கே அந்தச் செடிக்கு நிலைத்துவிட்டது, 'ஜிம்சன்' களை என்கிறார்கள். கதையைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சிரித்துவிட்டு நிறுத்திக்கொள்வேன். இனிமேல் அப்படி நிறுத்தக்கூடாது என்று இந்த வாரம்தான் புத்தி வந்தது.

இதே செடி மருந்தாகவும் வாழ்ந்திருக்கிறது. ஜப்பானில் ஹனாஓகா செய்ஷு என்ற மருத்துவர் 1804இல் ஊமத்தை சேர்ந்த ஒரு கலவையைக் கொடுத்து மயக்கி, 60 வயது மூதாட்டிக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை செய்தார். ஈதர் கொடுத்து மயக்குவதை அமெரிக்காவில் உலகறியச் செய்து காட்டியது 1846இல்தான். அந்தக் கலவையைச் சோதித்துப் பார்க்கத் தன்னையே கொடுத்த அவர் மனைவிக்குக் கண்பார்வை போய்விட்டது. அந்த ஜப்பான் அறுவை சிகிச்சைக்கு இரண்டு வருஷம் முன்னால், 1802இல், நம் மெட்ராஸில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், இங்கே இழுப்புக்கு ஊமத்தைப் புகை பிடிப்பதைப் பார்த்து அதை ஜெனரல் ஜென்ட் என்பவர் மூலம் பிரிட்டனுக்கு அனுப்பினார். பிறகு நூறு வருஷத்துக்கும் மேலாக அங்கே ஆஸ்துமா சிகரெட் என்று கடையில் விற்றார்கள். இன்று இழுப்புக்கு மருத்துவமனையில் புகைபோல வைக்கும் மருந்துகளில் ஒன்றான இப்ராட்ரோபியம், ஊமத்தையிலுள்ள அட்ரோபினிலிருந்து உருவாக்கப்பட்டதுதான்.

அட்ரோபின் என்ற சொல் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. பூச்சிமருந்து குடித்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் மணிக்கணக்கில் ஊசியில் ஏற்றுவது அதைத்தான். பூச்சிமருந்து கண்மணியைக் கடுகாகச் சுருக்கும், வாயில் நுரை தள்ள வைக்கும். அட்ரோபின் அதற்கு நேர் எதிர், கண்மணியை விரிக்கும், எச்சிலை வற்ற வைக்கும். விஷத்தை விஷத்தால் முறிப்பது என்பது இங்கே வெறும் பேச்சல்ல. ஆனால் அங்கே மில்லிகிராம் கணக்குப் பார்த்து, நாடி பார்த்து, கண்ணைப் பார்த்து ஏற்றுகிறார்கள். செடியில் அந்தக் கணக்கு கிடையாது. ஒரே வரிசையில் நிற்கும் இரண்டு செடியில்கூட விஷத்தின் அளவு ஒன்றாக இருக்காது.

வீட்டு வைத்தியத்துக்கு வருகிறேன். மூட்டு வீக்கத்துக்கு இலையை வதக்கிக் கட்டுவது, பேனுக்குத் தலையில் சாறு தேய்ப்பது, ஆறாத புண்ணுக்கு மத்தன் தைலம் போடுவது. இதில் மத்தன் தைலம் சித்த மருத்துவர் கொடுக்கும் பச்சை நிறத் தைலம். ஊமத்தை இலைச்சாறும் மயில்துத்தமும் சேர்ந்தது, வெளியே பூச மட்டும். அவர் கொடுத்தால் அவர் சொன்னபடி பூசிக்கொள்ளுங்கள். மற்றதைக் குழந்தைகளிடம் செய்யாதீர்கள். தோல் வழியாகவும் இந்த விஷம் உள்ளே போகும், சொறிந்து புண்ணான தலை வழியாக இன்னும் சுலபமாகப் போகும். நாய்க்கடிக்கு ஊமத்தை கொடுக்கும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் முழுதாகப் போகவில்லை என்று கேள்விப்படுகிறேன். வெறிநாய்க்கடிக்கு ஊமத்தை மருந்து இல்லவே இல்லை. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி போடுங்கள். இலவசம்தான்.

2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், பக்கத்திலிருக்கும் சித்தூர் மாவட்டத்தில் இரண்டு குடும்பத்தினர் ஊமத்தையை அரைத்துக் குடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அந்த முள்ளுக்காய் பார்ப்பதற்குக் கொரோனா கிருமியின் படம் மாதிரியே இருக்கிறது, அதனால் அதற்கு இதுதான் மருந்து என்று டிக்டாக்கில் யாரோ சொன்னார்களாம். எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் போனில் என்ன பார்க்கிறார்கள் என்று நான் உங்களைக் கேட்பது இதனால்தான். "இதைத் தின்றால் போதை" என்று பேசும் வீடியோக்களும் சுற்றுகின்றன. அது போதையே இல்லை. காண்பது பொய் என்று தெரியாத ஜன்னி. தண்ணீர் என்று நினைத்து ரோட்டிலும், ரோடு என்று நினைத்து கிணற்றிலும் இறங்கக்கூடிய நிலை.

நான் ஏழாம் வகுப்புப் படிக்கையில் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் ஊமத்தங்காயைத் தின்றுவிட்டான். தின்றது அப்போது யாருக்கும் தெரியாது. முகம் சிவந்து, உடம்பு அனலாய்க் கொதிக்க, ஒரு சொட்டு வியர்வை இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையாலும் எதையோ இழுத்து இழுத்து விட்டான். பட்டம் விடுகிறானாம். நூலும் இல்லை, பட்டமும் இல்லை. இல்லாத நூலை விரலில் சுற்றிக்கொண்டு, "டீல் விடு, டீல் விடு" என்று நாக்கு ஒட்டிக்கொண்ட குரலில் முனகினான். அவன் அம்மாவைப் பார்த்து யாரென்று கேட்டான். முனி அடித்துவிட்டது என்று கோடாங்கியை வரவழைத்து ராத்திரி முழுக்க உடுக்கையடித்து, வேப்பிலையால் விளாசினார்கள். விடிந்தபிறகுதான் ஆஸ்பத்திரி. டாக்டர் கண்ணைப் பார்த்ததுமே "ஊமத்தையா?" என்றார். பிழைத்துக்கொண்டான். இன்றும் அந்த ராத்திரி அவனுக்கு ஞாபகம் இல்லை. எனக்கு இருக்கிறது.

அவனுக்கு நடந்தது இதுதான். நரம்பு உடம்புக்குச் செய்தி சொல்ல அசிட்டைல்கோலின் என்ற பொருளை அனுப்புகிறது. அது போய்ச் சேரும் வாசலை ஊமத்தையின் விஷம் அடைத்துக்கொள்கிறது. எச்சில் சுரக்காது, வியர்க்காது, அதனால் சூடு ஏறும். கண்மணி சுருங்காது. சிறுநீர் பிரியாது. நெஞ்சு படபடவென்று அடிக்கும். மூளையிலும் அதே வாசல் அடைபடுவதால் உளறல். சிறு குழந்தைக்குக் கொஞ்சம் விதையே உயிருக்கு ஆபத்து.

ஆகவே, நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று உளறினால், கண் விரிந்து வாய் வறண்டிருந்தால், 108க்குக் கூப்பிடுங்கள். உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மோர், புளிக்கரைசல் எதுவும் வேண்டாம். நினைவு தடுமாறுகிற பிள்ளைக்குப் புரையேறிவிடும். தின்ற காயோ இலையோ மிச்சம் இருந்தால் பையில் போட்டு எடுத்துப்போங்கள், டாக்டருக்கு அரைமணி நேர யோசனை மிச்சமாகும். கோயிலுக்குப் போக வேண்டும் என்றால் குணமான பிறகு போய்க்கொள்ளலாம், நானும் வருகிறேன். அப்புறம், "எதைத் தின்னு தொலைச்ச?" என்று அடித்துக் கேட்காதீர்கள். அந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து காட்டியதற்குக் காரணம், அந்த டாக்டர் அதட்டாமல் கேட்டதுதான். நான் கேட்டபோது அவள் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சத்துணவுக்கூடத்தில் கீரையை ஒவ்வொரு இணுக்காகப் பார்த்து ஆய்ந்த பிறகே உலையில் போட வேண்டும் என்று அமைப்பாளரிடம் சொல்லியிருக்கிறேன். 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் பாக்கெட்டில் அடைத்து விற்ற கீரையிலேயே இந்தச் செடி கலந்து நிறையப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நம் வீட்டிலும் வயலோரம் பறித்த கீரையை அப்படியே பார்த்துக்கொள்வது நல்லது. கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் சுற்றுலா போகிறவர்கள் கவனிக்கவும். அங்கே தோட்டங்களில் தலைகீழாகத் தொங்கும் பெரிய மணிப்பூ இதன் நெருங்கிய சொந்தம், விஷமும் அதேதான்.

வரும் சனிக்கிழமை காலை 8 மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களோடு சேர்ந்து அந்தப் புதரை வேரோடு எடுக்கப்போகிறோம். காய் வெடித்து விதை கொட்டிவிட்டால் மண்ணில் பல வருஷம் கிடந்து மறுபடி முளைக்கும், அதனால் தள்ளிப்போட முடியாது. பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம். மண்வெட்டி, கடப்பாரை இருப்பவர்கள் கொண்டுவாருங்கள். கையுறை நாங்கள் வாங்கி வைத்திருக்கிறோம். பிடுங்கியதைக் கொளுத்த மாட்டோம், அந்தப் புகையும் ஆகாது. ஆழமாகக் குழிவெட்டிப் புதைத்துவிடலாம்.

அந்த இரண்டு காய்களும் மூடி போட்ட சீசாவில் என் மேசைமேல் இருக்கின்றன. ஊமத்தங்காயை அடையாளம் தெரியாது என்கிற இளம் பெற்றோர்கள் எந்த நாளும் மாலை 4 மணிக்கு மேல் வந்து பார்த்துப் போகலாம். சீசாவைத் திறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்