நல்லாத் தூங்கினியா என்று கேட்டாயே

சியோல்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். போன ஞாயிறு வீடியோவில் "முகம் தெளிவா இருக்கே, நல்லாத் தூங்கினியா?" என்று கேட்டாய். அதற்குக் காரணம் தூக்கம் இல்லை அக்கா. மூன்று மாதத்துக்கு முன்னால் மேல் இமையில் ஆபரேஷன் செய்துகொண்டேன். திட்டுவாய் என்றுதான் சொல்லவில்லை.

அம்மாவுக்குப் போலவே எனக்கும் இமைத்தோல் தொங்கி, மாலையானால் நெற்றியைச் சுருக்கித்தான் கண்ணைத் திறக்க வேண்டியிருந்தது. இந்த ஊரில் இது பெரிய விஷயமே இல்லை. காங்னம் பக்கம் அப்குஜோங் ஸ்டேஷனில் இறங்கினால் எங்கு பார்த்தாலும் அழகு சிகிச்சை கிளினிக்தான். நவம்பரில் கல்லூரி நுழைவுத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் அம்மாவோடு வந்துவிடுகிறார்கள். பலருக்குப் பிறவியில் இமை மடிப்பு இருக்காது, அதை உண்டாக்கிக்கொள்ள வருகிறார்கள். அந்த வரிசையில் நான் ஒருத்திதான் தொலைத்த மடிப்பைத் தேடிப் போனவள்.

முதலில் போன இடத்தில் டாக்டருக்கு முன்பே ஆலோசகர் என்று ஒரு பெண் பேசினாள். மூக்கோரத்துக் கண்முனையையும் வெட்டிவிட்டால் கண் பெரிதாகத் தெரியுமாம். அங்கே தோல் மறைத்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் அந்த வேலை. எனக்கு எதற்கு? எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவது டாக்டர் அதிகம் பேசவில்லை. நிமிர்ந்து உட்காரவைத்து, மெல்லிய கம்பியால் இமையை அழுத்தி, மடிப்பு எங்கே விழும் என்று கண்ணாடியில் காட்டினார். எவ்வளவு தோல் எடுப்பீர்கள் என்று கேட்டேன். எவ்வளவு விட வேண்டும் என்றுதான் முதலில் அளப்பாராம். புருவத்துக்கும் இமைமுடிக்கும் நடுவே 20 மில்லிமீட்டராவது வேண்டும், குறைந்தால் கண் முழுதாக மூடாது, உலர்ந்துபோகும் என்றார். கொழுப்பை அதிகம் எடுத்தாலும் கண் குழிவிழுந்து வயது கூடித்தான் தெரியுமாம். நாம் இருவரும் நிற்கிற பழைய போட்டோவைக் கொடுத்தேன். அதில் என் இடது கண் கொஞ்சம் சின்னது, தெரியும்தானே. அதை அப்படியே விடச் சொன்னேன்.

மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்தார்கள். ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். அந்த முதல் வாரம் கண்ணாடியைப் பார்த்து அழுதேன், யாரோ குத்துவிட்ட மாதிரி நீலம். அப்புறம் வடிந்தது. தழும்பு மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது.

நீயும் படிக்கும்போது புருவத்தைத் தூக்குகிறாய், பார்த்தேன். முதலில் கண் டாக்டரிடம் போ. தொங்குவது தோலா, இமையைத் தூக்கும் தசை தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல். இரண்டுக்கும் ஆபரேஷன் வேறு.

சித்தி கேட்டால், நன்றாகத் தூங்குகிறாள் என்றே சொல்லிவிடு.

அன்புடன்,
உன் தங்கை