முருகேசனுக்கு: 3,300 இணைப்பு போன கதை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பெண்ணுக்குத் தேர்வு, நடுவில் மாமாவுக்குக் கண் ஆபரேஷன். உட்கார்ந்து எழுத இன்றுதான் முடிந்தது. மாமா நன்றாக இருக்கிறார். கறுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை அதட்டுகிறார்.

உன் நெல் விதைத் தளத்தின் பேக்லிங்க், அதாவது மற்ற தளங்களிலிருந்து உன் தளத்துக்கு வரும் இணைப்பு, ஒரே வாரத்தில் 4,200-இலிருந்து 900-க்கு இறங்கிவிட்டது, யாரோ செய்வினை வைத்தது போல இருக்கிறது என்று எழுதியிருந்தாய். சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. 2003-இல் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து இதே கூத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர்கள்தானே நாம்?

அப்போது கூகுள், தேடலுக்காகத் தான் படித்த பக்கங்களின் அட்டவணையை ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு தடவைதான் புதிதாகக் கட்டும். கட்டியதை எல்லாத் தரவு மையங்களுக்கும் அனுப்பி முடிக்கச் சில நாள் பிடிக்கும். அந்த இடைவெளியில் நம் கேள்வி எந்த மையத்துக்குப் போகிறதோ, அதன் விடைதான் நமக்குக் கிடைக்கும். காலையில் 60 இணைப்பு, மத்தியானம் 35, சாயங்காலம் மறுபடி 60. கூகுள் முகவரியில் டபிள்யூக்களுக்குப் பின்னால் 2, 3 என்று சேர்த்துப் போட்டு, புது அட்டவணை வந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்போம். ‘கூகுள் நடனம்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். புயலுக்குப் பெயர் வைப்பதுபோல ஒவ்வொரு மாற்றத்துக்கும் பாஸ்டன், கசாண்ட்ரா, டொமினிக் என்று பெயர். அந்த வருஷ நடுவிலேயே மாதாந்தரக் கணக்கு போய், கொஞ்சம் கொஞ்சமாக ஓயாமல் புதுப்பிக்கும் முறை வந்துவிட்டது. 2010-இல் காஃபீன் என்ற புது அட்டவணை முறை வந்த பிறகு, பக்கத்தைப் படித்த கையோடு அட்டவணையில் சேர்க்கும் அளவுக்கு வேகம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஒரு தளத்துக்கு யார் யார் இணைப்பு தருகிறார்கள் என்று கேட்க, அன்று நாம் தேடல் பெட்டியில் போட்டு உயிரைக் கொடுத்துப் பார்த்த அந்த ‘லிங்க்’ கட்டளை, கூகுளுக்குத் தெரிந்த இணைப்புகளில் ஒரு பகுதியை மட்டும்தான் காட்டியது. முழுக்கணக்கை அது என்றைக்குமே தரவில்லை. 2017-இல் அதையும் கைவிட்டார்கள். டூல்பாரில் பச்சைக் கோடாக வந்த பேஜ்ரேங்க், அதாவது பக்கத்துக்குக் கூகுள் போட்ட மதிப்பெண், அதற்கு முந்தின வருஷமே போய்விட்டது.

இப்போது நீ பார்க்கிற எண் கூகுளுடையது கூட இல்லை. அஹ்ரெஃப்ஸ், மெஜஸ்டிக் போன்ற இணைப்பு எண்ணும் நிறுவனங்கள் எல்லாம், பக்கம் பக்கமாகப் போய்ப் படிக்கும் சொந்த நிரலை அனுப்பி, அது எட்டின வரை எண்ணுகிறார்கள். மெஜஸ்டிக்கில் புதியது, பழையது என்று இரண்டு அட்டவணையே உண்டு. ஒரே தளத்துக்கு இரண்டிலும் வேறு வேறு எண் வரும். எதை நம்பி அழுவாய்?

சரி, உன் கணக்குக்கு வருகிறேன். நீ அனுப்பிய இரண்டு பட்டியலையும் நேற்று ராத்திரி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காணாமல் போன 3,300-ம் ஒரே இடத்திலிருந்து வந்தவை! அந்த இயற்கை விவசாய வலைப்பதிவுக்காரர் பக்கவாட்டில் உன் தளத்தின் பெயரைப் போட்டிருந்தார். அவருடைய ஒவ்வொரு பக்கத்திலும் அது தெரிந்ததால், ஒரு மனிதர் சொன்ன ஒரு வார்த்தை 3,300 ஆகப் பதிவானது. போன மாதம் அவர் தளத்தின் வார்ப்புருவை (டெம்ப்ளேட்) மாற்றியிருக்கிறார், பக்கவாட்டுப் பட்டை போய்விட்டது. உன்னைக் குறிப்பிடும் தளங்கள் எத்தனை என்று எண்ணினால் 41 ஆக இருந்தது 40 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். அவருக்கு ஒரு போன் போட்டுப் பாரேன், ஏதாவது கட்டுரையில் சேர்த்துக்கொள்வார்.

மாதம் ஐயாயிரம் கொடுத்தால் பழைய எண்ணிக்கையைக் கொண்டு வந்துவிடுகிறேன் என்று ஒருவர் சொன்னாராமே, அந்தப் பக்கமே போகாதே. விலைக்கு வாங்கின இணைப்பு போன்ற தில்லுமுல்லுகளைப் பிடிக்கத்தான் 2012 ஏப்ரலில் கூகுள் தேடலில் பெங்குவின் என்ற மாற்றம் வந்தது. அன்று பல தளங்கள் ஒரே ராத்திரியில் பின்னுக்குப் போயின. 2016-க்குப் பிறகு அப்படிப்பட்ட இணைப்பைப் பெரும்பாலும் மதிப்பில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். உன் ஐயாயிரம் ஆற்றோடு போன மாதிரி. அப்புறம், ‘இந்த இணைப்பைக் கணக்கில் எடுக்காதே’ என்று கூகுளிடம் சொல்லும் நிராகரிப்புக் கருவியைத் தொடட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். பெரும்பாலான தளங்களுக்கு அது தேவையில்லை என்று கூகுளே சொல்கிறது.

விதை கேட்டு வரும் போன் குறைந்திருக்கிறதா? அதை மட்டும் எழுது. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

வைகாசியில் ஊருக்கு வருகிறேன். மாப்பிள்ளைச் சம்பா ஐந்து கிலோ எடுத்து வை, மாமா கேட்டுக்கொண்டே இருக்கிறார். அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்,
சண்முகம்